தலைமையாசிரியர் பின்வரிசையில் அமர்ந்தால் குரல் தடுமாறுகிறது

வணக்கம் ஆசிரியை. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப்பள்ளியில் நான்காம் ஆண்டுக் கணிதம் போதிக்கையில் தலைமையாசிரியர் கண்காணிக்க வந்தாலே குரல் தடுமாறுவதாகவும், அதனால் ‘தன்னம்பிக்கையை வளர்த்தல்’ என்பதை இவ்வாண்டு இலக்காக எழுதியிருப்பதாகவும் கூறியிருந்தீர்கள். அந்த இலக்கை மாற்றி எழுதுங்கள். ஒரு செயல் கைவந்த பிறகுதான் தன்னம்பிக்கை வந்து சேரும். கேள்வி கேட்டபின் 3 வினாடி காத்திருப்பதை மட்டும் ஆறு வாரம் பழகுங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு வினாடியளவே பொறுக்கிறார்கள் என்பதையும், 3 வினாடி பொறுத்தால் மாணவர் பதில்கள் நீள்கின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களிலேயே ஆராய்ந்து காட்டினார். நான் அந்த 3 வினாடியை மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணிய முதல் நாளில், அதுவரை வாய் திறவாத ஒரு மாணவி, பரோட்டா போன்ற ரொட்டி சானாயைப் பிய்ப்பதுபோல் கைகளை அசைத்து நான்கில் ஒரு பாகத்தை விளக்கினாள். அடுத்த கண்காணிப்புக்கு முன், நெருங்கிய சக ஆசிரியர் ஒருவரை அமர வைத்து, அந்த இடைவெளியை மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள்.