ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் குடியிருக்கிறேன். உள்ளூர்ச் செய்தி, நிகழ்ச்சி எல்லாம் எங்கே தெரிந்துகொள்வது?

கேட்டவர் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து பினாங்கு வந்து ஆறு மாதம் ஆகிறதாம். லெபோ சூலியா (லெபோ என்றால் தெரு) பக்கம் வாடகைக்கு இருக்கிறார். தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் காரை எடுக்கப் போயிருக்கிறார். ரோடு முழுக்க ஆட்கள், தேங்காய், தேர். ஒன்பது மணி மீட்டிங்குக்கு மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தாராம். "இந்த ஏரியாவில் என்ன நடக்கிறது என்று யாருமே சொல்வதில்லை" என்று குறைப்பட்டுக்கொள்கிறார்.

தம்பி (பெயரை வைத்துத் தம்பி என்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும்), யாரும் சொல்லாததற்குக் காரணம் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதுதான். நூறு வருஷத்துக்கு மேலாகச் செட்டியார்களின் வெள்ளி ரதம் தைப்பூசத்துக்கு முதல் நாள் லெபோ பினாங்கில் இருக்கிற கோவில் வீட்டிலிருந்துதான் கிளம்புகிறது. இருட்டு விலகும்போது புறப்பட்டு, வழியெல்லாம் தேங்காய் வாங்கிக்கொண்டு, தண்ணீர்மலை அடிவாரத்துச் செட்டியார் கோயிலுக்குப் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். 2017-லிருந்து லெபோ குயின் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலாயுதத்தை ஏற்றிக்கொண்டு தங்க ரதமும் போகிறது. ஆக ஒரே காலையில் இரண்டு ரதம், கிட்டக்கிட்ட இருக்கிற தெருக்களிலிருந்து. எங்களுக்கு இது செய்தியே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சனிக்கிழமை வரும் என்று யாராவது உங்களிடம் வந்து சொல்வார்களா? (பூசம் முடிந்து மறுநாள் வெள்ளி ரதம் திரும்பி வரும். அன்றைக்குக் காடி (கார்தான்) மாட்டாமல் தப்பித்ததற்கு நன்றி சொல்லிக்கொள்ளுங்கள்.)

ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமானதுதான். நான் இதே பகுதியில் பிறந்தவள். இங்கே ஒரு சின்ன தையல் கடை வைத்திருக்கிறேன், பிளவுஸ்தான் முக்கிய வேலை. எனக்கே சில செய்திகள் வந்து சேர்வதில்லை. அதற்குக் காரணம் வேறு.

நீங்கள் ராத்திரி ஒன்பதரைக்கு ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள். பாட்டுக் கடை ஸ்பீக்கர் நின்றிருக்கும், பூக்கடையில் வாளியைக் கவிழ்த்திருப்பார்கள். சாப்பாட்டுக் கடைகளைத் தவிர மேல்மாடிகளில் விளக்கு எத்தனை எரிகிறது என்று எண்ணினால் விரல் மிச்சமிருக்கும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீழே கடை, மேலே குடும்பம். ஒரே மாடியில் நாங்கள் மூன்று குடும்பம், நடுவில் பலகைத் தடுப்பு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வாடகை ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கூட இல்லை, ஏனென்றால் 1966-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் 2000 ஜனவரியோடு இல்லாமல் போனது. வீட்டுக்காரர் கேட்ட புது வாடகையை அப்பா இரண்டு முறை திருப்பிக் கேட்டார், காது சரியில்லையோ என்று. நாங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டுக்குப் போனோம். பக்கத்துத் தடுப்புக்காரர்களில் ஒருவர் ஆயர் ஈத்தாம் போனார், இன்னொருவர் மகன் வீட்டுக்கு. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்தபோது கட்டிடங்களெல்லாம் அப்படியே இருந்தன, ஜம்மென்று. மேலே படுத்துத் தூங்கிய ஆட்கள்தான் இல்லை.

இப்போது இந்தத் தெருவின் செய்தி காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறது, ராத்திரி எட்டு மணிக்குக் கடைச் சாவியோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. வேலை முடிந்து ஏழரைக்கு வருகிற உங்களுக்கு அது எப்படிக் கிடைக்கும்?

சரி, எங்கே பிடிப்பது?

அச்சில் வேண்டுமென்றால் மாநில அரசு தமிழில் போடுகிற 'முத்துச் செய்திகள்' இருக்கிறது, இலவசம். பண்டிகை ஏற்பாடு, வெள்ளத் தடுப்பு வேலை, உதவித்தொகை மாதிரி விஷயங்களுக்கு அது போதும். அரசுப் பத்திரிகை என்ற நினைப்போடு படித்துக்கொள்ளுங்கள். ரோடு மூடுவது, தண்ணீர்ப் பந்தல் விதிமுறை எல்லாம் மாநகர் கழகமும் போலீசும் தங்கள் பக்கத்தில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். தமிழ்த் தினசரிகளில் பினாங்குச் செய்தி வரும். ஆனால் பேரணி, பரிசளிப்பு, மாலை போடுதல் அளவுக்கு உங்கள் தெரு வராது. எங்கள் அப்பா 'தமிழ் நேசன்' ஆள். 1924-இல் தொடங்கிய பத்திரிகை, 2019-இல் நிறுத்திவிட்டார்கள். அவர் அதை எங்கிருந்து படிக்கத் தொடங்குவார் தெரியுமா? கண்ணீர் அஞ்சலி பக்கத்திலிருந்து. அந்தக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்து முடித்த பிறகுதான் பிரதமர் என்ன சொன்னார் என்பதற்கு வருவார். அது வேடிக்கையாகத் தெரிந்தது அப்போது. இப்போது யோசித்தால், ஒரு வட்டாரத்தில் வாழ்கிறவனுக்கு உண்மையில் வேண்டிய செய்தி இரண்டே வகைதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது: எந்த ரோட்டை மூடுகிறார்கள், யார் தவறிவிட்டார்கள். மூன்றாவதாக எங்கே அன்னதானம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு மற்ற செய்திகள் துணியாக வரும். ஒரே நிறத்தில், ஒரே கரையில் பன்னிரண்டு சேலைக்கு பிளவுஸ் வந்தால் எங்கோ கும்பாபிஷேகம், மகளிர் குழு பால்குடம் எடுக்கிறது என்று அர்த்தம். எந்தக் கோயில், என்ன தேதி என்று அளவெடுக்கும்போதே கேட்டுவிடுவேன். அழைப்பிதழ் அச்சாகும் முன்னால் எனக்குக் கல்யாணம் தெரியும். நின்றுபோன கல்யாணமும் தெரியும், அதைச் சொல்ல மாட்டேன். நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது பட்டுப் பாவாடைகள் வந்து குவியும். விஜயதசமிக்கு அம்மன் மரத் தேரில் இந்தத் தெருக்களைச் சுற்றி வருவாள், அன்றைக்கும் காடியை உள்ளே விடாதீர்கள். நாகூர் தர்கா கந்தூரிக்குக் கொடி ஏறுகிற நாளை லெபோ கிங் முனையில் நாசி கண்டார் (சோறும் கறியும்) விற்கிற அண்ணன் சொல்வார். அவர் நாள் தவறிச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஜூலை 7-ஐ ஒட்டிப் பாரம்பரிய நாள் விழா, அப்போது இந்தப் பக்கத் தெருக்களில் ஆட்டம் பாட்டம் சாப்பாடு எல்லாம் இருக்கும். போய்ப் பாருங்கள், நன்றாக இருக்கும்.

அப்புறம் வாட்ஸ்அப். இந்த வட்டாரத்துக்கு ஒரு குழு இருக்கிறது, இருநூறு பேருக்கு மேல். அதைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2017 நவம்பர் 4-ஆம் தேதி ராத்திரி காற்றும் மழையும் பிடித்துக்கொண்டு விடியும் வரை விடவில்லை. அந்த வெள்ளத்தில் பினாங்கில் ஏழு பேர் போனார்கள். அன்றைக்கு நான் ஜெலுத்தோங்கில் ஏழாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, கடைக்குள் தண்ணீர் எந்த மட்டம் வந்தது என்று அந்தக் குழுவில்தான் தெரிந்துகொண்டேன். எதிர்க்கடைப் பையன் டார்ச் அடித்து என் கதவைப் படம் எடுத்துப் போட்டான். மோட்டாரை மேலே ஏற்று, மெயின் சுவிட்சை அணை, அந்தப் பக்கம் போகாதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒரு ராத்திரிக்காக இன்று வரை அந்தக் குழுவை விட்டு வெளியேறாமல் இருக்கிறேன்.

மற்ற நாட்களில் காலை வணக்கம், ரோஜாப்பூ. சர்க்கரைக்கு வெண்டைக்காய்த் தண்ணீர். ரோடு மூடல் அறிவிப்பு மூன்று தடவை வரும், அதில் ஒன்று போன வருஷத்தது. தேதியைப் பார்க்காமல் அனுப்புகிறவர்கள் அதிகம், ஆகவே யார் அனுப்பினாலும் வருஷத்தைப் பாருங்கள்.

ஒரு ஆச்சி எனக்கு வாடிக்கை. முன்பு லெபோ கிங்கில் மாடியில் இருந்தவர், 2000-க்கு அப்புறம் குளுகோரில் மகனோடு. தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் ஒரு மஞ்சள் பிளவுஸ் என்னிடம்தான் தைப்பார். கை முழங்கை வரை, கழுத்து ஏறி இருக்க வேண்டும், ஊக்கு முன்னால். அளவெடுக்க விட மாட்டார், "பழையதைப் பார்த்துத் தை" என்பார். ஒரு வருஷம் துணி கொடுத்துவிட்டுப் போனார், வாங்க வரவில்லை. ரதம் போனது, திரும்பியும் வந்துவிட்டது. பிளவுஸ் கம்பியில் தொங்கிக்கொண்டே இருந்தது. அதற்கு முந்தின வருஷம் நான் ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தேன், அந்தக் கோபமோ என்று நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் கொஞ்சம் சண்டையும் போட்டேன். பங்குனியில் பேத்தி வேறு வேலையாக வந்தாள். ஆச்சி தவறி நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது என்றாள். குழுவில் போட்டார்களா என்று கேட்டேன். ஆச்சி அந்தக் குழுவிலேயே இல்லை, அக்கா என்றாள். ஆச்சியிடம் ஏது ஸ்மார்ட்போன்.

பழைய நாளாக இருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அஞ்சடியில் (கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நாற்காலி இறக்குகிற சத்தமே போதும். நாற்காலியில் பாதி எங்கள் வீட்டிலிருந்து போனதாக இருக்கும்.

அதற்குப் பிறகு நான் ஒரு சிலேட்டு வாங்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற அளவு இல்லை, சாப்பாட்டுக் கடை வாசலில் மெனு எழுதுகிற அளவு. நடுவில் கோடு போட்டு இடது பக்கம் 'ரோடு', வலது பக்கம் 'காரியம்'. வீட்டுக்காரர்களைக் கேட்டுவிட்டு, யார், எங்கே, எப்போது எடுக்கிறார்கள் என்று எழுதுவேன். கடை வாசல் தூணில் மாட்டினேன். மூன்றாம் நாளே ஒரு அம்மா, மகள் நிச்சயதார்த்தத்துக்குத் துணி கொண்டுவந்தவர், வாசலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார். நல்ல காரியத்துக்கு வருகிற இடத்தில் சாவு எழுதிப் போடுவாயா என்று கேட்டு அனுப்பினார். அவர் சொன்னதும் சரிதான். சிலேட்டைப் பக்கவாட்டு மாடிப்படிக்குக் கீழே மாற்றினேன். இப்போது வேண்டியவர்கள் குனிந்து படிக்கிறார்கள்.

இன்னொரு தடவை பெரிய தப்பு நடந்தது. ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற துறைமுகத்து ஆள், மற்றவர் பூக்கட்டுகிறவர். தவறியவர் முன்னவர். நான் வெறும் பெயரை மட்டும் எழுதிவிட்டு பட்டன் வாங்கப் போய்விட்டேன். மறுநாள் காலையில் பூக்கார அண்ணன் படிக்கட்டுக்குக் கீழே குனிந்து நிற்கிறார். "தங்கச்சி, தைப்பிங்கிலிருந்து என் மச்சான் வேனில் ஆளேத்திக்கிட்டு வர்றான். அவனுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு" என்றார். சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து பெயருக்குப் பக்கத்தில் பழைய தெருவும் தொழிலும் எழுதாமல் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைப்பதில்லை. அந்த அண்ணன் இன்னும் தினமும் ஒரு தடவை வந்து, தான் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கடை திறக்கிறார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வேலையிலிருந்து கிளம்புங்கள். ஆறரைக்குள் மாரியம்மன் கோயில் வாசலுக்கு வந்துவிட்டால் அறிவிப்புப் பலகையில் அந்த மாதத்து விசேஷம் எல்லாம் ஒட்டியிருக்கும். திரும்பும்போது பூக்கடையில் ஒரு முழம் வாங்குங்கள், வீட்டில் சாமி படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சில்லறை தேடுகிற நேரத்தில் "அண்ணே, அடுத்த வாரம் ஏதாவது ரோடு மூடுறாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் லெபோ குயினிலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் மாடிப்படிக்குக் கீழே பாருங்கள். மழைச்சாரலில் எழுத்து அழிந்திருந்தால் உள்ளே வந்து கேளுங்கள், எட்டு மணி வரை மிஷினில்தான் இருப்பேன்.