பதினெட்டாம் பாரம் எங்கே?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு பழைய பங்களா, மூன்று தலைமுறைக் குடும்ப ரகசியம் என்றெல்லாம் பின்னட்டையில் போட்டிருந்த சஸ்பென்ஸ் நாவலை இணையக் கடையில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். மொத்தம் 304 பக்கம். 272ஆம் பக்கத்தைத் திருப்பினால் மறுபடியும் 257 வருகிறது. அது 272 வரை போய், அடுத்த பக்கம் 289. பூட்டிய அறைக்குள் என்ன இருந்தது என்பதே நடுவில் போன பக்கங்களில்தான் இருக்கும்போல. வாங்கி 19 நாள் ஆகிறது. “திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் கெடு; அதுவும் படித்த புத்தகத்தை எடுக்க மாட்டோம்” என்கிறார் விற்பனையாளர்.
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: படித்ததால்தானே குறை தெரிந்தது! அந்தக் காரணத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

முதலில் கோளாறு எங்கே நடந்தது என்று பார்ப்போம். இந்த அளவுப் புத்தகங்களைப் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட பாரங்களாக (ஒரு பெரிய தாளை மடித்தால் வரும் பக்கக் கட்டுதான் பாரம்) அச்சடித்து, மடித்து, வரிசையாக அடுக்கித்தான் பைண்டிங்குக்கு அனுப்புவார்கள். 304 பக்கம் என்றால் 19 பாரம். 257 முதல் 272 வரை 17ஆம் பாரம். 273 முதல் 288 வரை 18ஆம் பாரம். அடுக்கியவர் 18ஐ எடுக்க வேண்டிய இடத்தில் 17ஐ இன்னொரு முறை எடுத்துவிட்டார். கனம் மாறாததால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நீங்கள் கிழித்ததாகவோ, பக்கம் தானாக உதிர்ந்ததாகவோ யாரும் சொல்ல முடியாது. உதிர்ந்தால் ஏதோ சில தாள் போகும். இப்படிக் கச்சிதமாக ஒரு பாரம் போய், இன்னொன்று இரட்டிப்பாகாது. எழுதும் புகாரில் இந்தக் கணக்கையே போடுங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

272ஐ அடுத்து 257 தெரிகிற விரிப்பு, 272ஐ அடுத்து 289 தெரிகிற விரிப்பு, பதிப்பு விவரமுள்ள பக்கம், பில் என நான்கு படம் எடுங்கள். அவற்றை இணையக் கடையின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதே விதிகளில், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஏழு நாள் என்பது மனம் மாறித் திருப்புகிறவருக்கு அவர்கள் வைத்துக்கொண்ட கெடு. குறையுள்ள பொருளுக்காக நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு இருக்கிறது.

கடை அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பனையாளர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் 350 ரூபாய்க்கு அந்தப் படி ஏறுவதற்கு முன் பதிப்பகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். இந்தக் கோளாறு அவர்களுக்குப் புதிதாக இருக்காது. மாற்றுப் பிரதியே கேளுங்கள். விட்டுப்போன பாரத்தை மட்டும் அனுப்புகிறோம் என்றால் வேண்டாம். முதுகில் பசை போட்ட புத்தகத்தில் அதை ஒழுங்காகச் சேர்க்க முடியாது, செருகி வைத்தால் விழுந்துகொண்டே இருக்கும்.

இனி எந்த மர்ம நாவல் வந்தாலும் வந்த அன்றே 16, 32, 48, 64 என்று பாரம் முடிகிற இடங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, கதையும் கண்ணில் படாது.

கேள்வி: யார் கொலைகாரர் என்பது 40ஆம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பணம் கேட்கலாமா?
- வாசகர், ஐந்து ரோடு

பதில்: முடியாது. ரசனைக்கு எந்த ஆணையமும் ஈடு தராது. ‘முழு நாவல்’ என்று விற்றுவிட்டுச் சுருக்கிய பதிப்பை அனுப்பியிருந்தால் அது வேறு விஷயம். விளம்பரத்துக்கு மாறான பொருள் என்று திருப்பலாம்.

கேள்வி: பாதி விலைக்குக் கிடைத்த பிரதியில் எழுத்து மங்கலாக இருக்கிறது. திருட்டு அச்சா?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: தாள் மெலிசு, அட்டை நிறம் வேறு என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். கேட்கக் கேட்க அச்சடிக்கும் முறையில் வரும் அசல் பிரதிகளும் முந்தைய பதிப்பிலிருந்து மாறித்தான் இருக்கும். எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். மூலக் கோப்பிலிருந்து அச்சான எழுத்து கூர்மையாக நிற்கும். புத்தகத்தை ஸ்கேன் செய்து அடித்ததில் ஓரம் கரைந்து சாம்பல் நிறமாக, புள்ளியும் சுழியும் அடைபட்டிருக்கும். வரிகள் பக்கத்துக்குப் பக்கம் லேசாகச் சாயும். ஐ.எஸ்.பி.என். எண் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள், அதையும் சேர்த்துத்தான் நகலெடுக்கிறார்கள். இணையத்தில் வாங்கியது என்றால் ‘போலி’ என்று குறிப்பிட்டே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நடைபாதையில் பில் இல்லாமல் வாங்கியது என்றால் போனது போனதுதான்.

கேள்வி: வார இதழில் வந்த ஜமீன் மாளிகைத் தொடர்கதையைக் கத்தரித்து பைண்டு செய்த தொகுப்பை ஒரு பழைய புத்தகக் கடையில் 1,500 ரூபாய் சொல்கிறார்கள். ஏற்காட்டில் வைத்துக்கொள்ள வாங்கலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: கதை முழுதாக இருந்தால் மட்டும். முதல் அத்தியாயத்திலிருந்து ‘முற்றும்’ வரை எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போவதுதான் இவற்றில் பெரிய நோய். அந்த வாரம் வீட்டில் யாரோ இதழை இரவல் கொடுத்திருப்பார்கள். ‘தொடர்ச்சி 62ஆம் பக்கம்’ என்றிருந்தால் அந்தத் துண்டும் இருக்கிறதா என்று பாருங்கள், அதை வெட்ட மறந்தவர்கள் நிறையப் பேர். பைண்டர் ஓரம் வெட்டும்போது வரியின் கடைசி எழுத்துகள் போயிருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

செய்தித்தாள் ரகத் தாள் அமிலத்தால் பழுத்து முறியும். ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தால் பாதி விலைக்குக்கூட வேண்டாம். மைதாப் பசை போட்ட முதுகில் பூச்சித் துளை, கம்பிப் பின் துரு, மக்கிய வாடை மூன்றையும் பாருங்கள். சேலத்து வெயிலில் சும்மா இருந்த பூஞ்சை உங்கள் ஊர் ஈரத்தில் உயிர் பெறும். வாங்கினால் இரண்டு வாரம் மற்றப் புத்தகங்களோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி ஆகாது. வெயிலில் காயவைத்தால் தாள் இன்னும் முறியும், காற்றோட்டமான நிழல் போதும்.

பில்லில் ‘1 முதல் கடைசி அத்தியாயம் வரை, முழுமை’ என்று கடைக்காரரை எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் எந்த அத்தியாயம் இல்லை என்று கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.