வங்கியிடம் சொன்ன பிறகும் பணம் போனது: யார் பொறுப்பு?

கேள்வி: அப்பா கணினியில் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது, திரை முழுக்கச் சிவப்பாக எச்சரிக்கை வந்து காதைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. ‘வைரஸ் தாக்கியுள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்றிருந்தது. அழைத்தார். அவர்கள் சொன்ன செயலியை ஏற்றி, ஓடிபியும் சொல்லிவிட்டார். இரண்டு தவணையாக 90,000 ரூபாய் போனது. உடனே வங்கியின் உதவி எண்ணுக்குச் சொன்னோம். அதற்கு 40 நிமிடம் கழித்து இன்னும் 35,000 போனது. ‘ஓடிபி கொடுத்தது உங்கள் தவறு’ என்று வங்கி கைவிரிக்கிறது. வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்காதீர்கள். முதலில் போன 90,000 வேறு, பிறகு போன 35,000 வேறு.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்புதான் அவருடையது. தெரிவித்த பிறகு போவதற்கு வங்கியே பொறுப்பு. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். ஆக, நீங்கள் உதவி எண்ணை அழைத்த நேரம்தான் இந்த வழக்கின் உயிர். கைபேசியின் அழைப்புப் பட்டியலை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வங்கி தந்த புகார் எண்ணையும் பணம் போன குறுஞ்செய்திகளையும் அதோடு சேர்த்து, 35,000 ரூபாயைத் தனியாகக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போகலாம். கட்டணம் கிடையாது.

சரி, அந்த 90,000? அது கடினம்தான், மறைக்க மாட்டேன். சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-ஐ இன்னும் அழைக்கவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும். வழியில் எங்காவது முடக்கப்பட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனுப்போட்டுத் திரும்பக் கேட்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி (கணினிவழி ஆள்மாறாட்ட மோசடி), தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318(4) (ஏமாற்றுதல்) ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதியச் சொல்லுங்கள். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

அந்தச் சிவப்புத் திரை வைரஸே அல்ல, வெறும் இணையப் பக்கம். மூடும் பொத்தான் தெரியாதபடி திரையை நிறைத்து நிற்கும். ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தினாலே பெரும்பாலும் போய்விடும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் தருவதே இல்லை. ஆபத்து, அப்பா ஏற்றிய செயலியில்தான். அது இருக்கும்வரை மோசடிக்காரர்கள் கணினிக்குள்ளேதான் இருக்கிறார்கள். இணையத்தைத் துண்டித்து அதை நீக்குங்கள். அதற்கு முன் அதன் பெயரையும் அதில் தெரியும் இணைப்பு எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

அப்புறம் இன்னொரு அழைப்பு வரலாம்: ‘சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், சிறு கட்டணம் கட்டினால் பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று. ஒரு முறை ஏமாந்தவர்களின் எண்களைக் குறிவைத்தே இப்படி அழைக்கிறார்கள். ஒரு பைசா கட்டாதீர்கள்.

அப்பாவைத் திட்டாதீர்கள். வெட்கத்தில் ஒரு பரிமாற்றத்தை மறைத்தாலும் புகார் பலவீனப்படும். பக்கத்தில் உட்கார்ந்து, அழைத்தது எத்தனை மணி, யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகக் கேட்டு, இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். புகாரோடு முதல் இணைப்பாக அதைக் கொடுங்கள்.