மலேசியாவில் ஆகஸ்ட் 15 வேலை நாள். பூசைக்குப் போக முடியாவிட்டால் பாவமா?

கேள்வி கேட்டவர் எங்கள் பினாங்கின் தொழிற்சாலைப் பகுதியான பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறார். அன்றைக்கு வரும் மாதாவின் விண்ணேற்பு கடன் திருநாள் (கத்தோலிக்கர்கள் கட்டாயம் பூசைக்குப் போக வேண்டிய நாள்), லீவு கிடைக்கவில்லை, அம்மா போன் போட்டுத் திட்டுகிறார் என்கிறார். தம்பி (தங்கையாகவும் இருக்கலாம், பெயர் போடவில்லை), முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே போக வழியில்லை என்றால் பாவம் இல்லை. அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள். மற்றதெல்லாம், உங்களுக்கு லீவு தராமல் இருப்பவர் நம்ம கத்தோலிக்க ஆளாக இருந்தால் அவருக்கும் சேர்த்து எழுதுவது.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இந்தக் கேள்வியே விளங்காது. அங்கே ஆகஸ்ட் 15 சுதந்திர தினம், ஊரே லீவு. கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு நிதானமாகக் கோயிலுக்குப் போகலாம். இங்கே அது இன்னொரு வேலை நாள். புனித வெள்ளிக்கே சபா, சரவாக் தவிர வேறெங்கும் பொது விடுமுறை கிடையாது. வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆண்டுக்கு 11 பொது விடுமுறை, அதில் 5 கட்டாயம், மற்றவற்றை முதலாளி தேர்ந்தெடுக்கலாம். இதில் மாதா திருநாளுக்கு இடம் ஏது? ஆகவே நமக்குக் கிடைப்பதெல்லாம் யாராவது மனசு வைத்தால்தான்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. கொஞ்ச காலம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். 1983-ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டத்தில் 1248-ஆம் எண்ணைப் பாருங்கள். திருநாளன்றோ அதற்கு முந்தைய நாள் மாலையிலோ, கத்தோலிக்க முறைப்படி நடக்கும் எந்தப் பூசைக்குப் போனாலும் கடன் தீர்ந்தது. உங்கள் பங்காக (நீங்கள் சேர்ந்த கோயிலாக) இருக்க வேண்டியதில்லை, தமிழ்ப் பூசையாகவும் இருக்க வேண்டியதில்லை. 14-ஆம் தேதி மாலை வாசகம் வேறாக இருக்கிறதே, அது செல்லுமா என்று என் மாமியார் வருடா வருடம் கேட்பார். செல்லும். இந்தத் திருநாளுக்கு முந்தைய மாலைக்கென்றே தனி வாசகங்கள் உண்டு. இதற்கும் வழியில்லை என்றால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். தகுந்த காரணம் இருந்தால் அவரே விலக்கு தரலாம், பதிலுக்கு வேறு ஒரு பக்திச் செயலையும் சொல்லலாம், 1245-ஆம் எண். பாதரிடம் போய் இதைக் கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த விலக்கை வைத்துத்தான் என் கதை.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தேன். பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஏழுக்கு ஏழு. அந்த வாரம் எனக்கு நைட். 14 மாலைப் பூசை ஏழரைக்கு, நான் ஏழுக்கே மெஷின் முன்னால் நிற்க வேண்டும். 15 காலைப் பூசை ஆறரைக்கு, நான் வெளியே வருவதே ஏழு மணிக்கு. 15 மாலை மறுபடியும் ஏழரை. வேறு பங்குக்குப் போயிருக்கலாமே என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். விசாரித்தேன். கேட்ட இடத்திலெல்லாம் காலை வேலைக்குப் போகிறவர்களை நினைத்துத்தான் நேரம் வைத்திருந்தார்கள். ஆண்டு லீவு எடுத்திருக்கலாமே என்றும் ஒருவர் வருவார். ரோஸ்டர் கடைசி நேரத்தில் மாறியது ஐயா.

கூட வேலை பார்த்த மலாய் நண்பர் பகல் ஷிஃப்ட். ஹரி ராயா பெருநாளுக்கு அவர் இடத்தில் நான் நிற்பது வழக்கம். "நீ சர்ச்சுக்குப் போய்விட்டு ஒன்பதரைக்கு வா, அதுவரை நான் நிற்கிறேன்" என்று அவராகவே சொன்னார். ஓ.டி. கூட எழுத வேண்டாம் என்றார். சூப்பர்வைசர் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

சூப்பர்வைசர் நம்ம பங்குக்காரர். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன் பெஞ்சில் குடும்பத்தோடு உட்காருபவர். அதனால் விளக்கமே தேவைப்படாது என்று நினைத்துப் போனேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "அண்ணே, இது பப்ளிக் ஹாலிடே இல்லையே. உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. அப்புறம், வேலை இருந்தா பாவம் இல்லைன்னு சர்ச் சட்டத்திலேயே இருக்கே, உங்களுக்குத் தெரியாததா?"

15 ராத்திரி பிரேக்கில் லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். பங்கின் முகநூல் பக்கத்தில் அன்றைய பூசையின் பதிவு இருந்தது. முதல் வாசகம், திருவெளிப்பாடு, கதிரவனை ஆடையாக உடுத்திய பெண் வருகிற பகுதி. வாசிக்க எழுந்து வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம சூப்பர்வைசர்தான். நீளக்கை பாத்தேக் சட்டை, கை மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. குரலும் உச்சரிப்பும் சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் மீ கோரெங்கைப் பாதியில் மூடி வைத்துவிட்டு அவர் வாசித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்ன சட்டம் சரி. எரிச்சலே அதில்தான். விலக்கு என்பது போக முடியாதவனுக்காக வைத்தது. போக விடாதவர் அதை எடுத்து நீட்டினால் எப்படி? கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் 2187-ஆம் எண்ணை யாரும் புரட்டுவதில்லை. ஞாயிறையும் திருநாளையும் அனுசரிக்க எல்லாரும் சேர்ந்து முயல வேண்டும், மற்றவர்கள் ஆண்டவரின் நாளை அனுசரிக்கத் தடையாக இருக்கும் அநாவசியமான வேலையை எந்தக் கிறிஸ்தவனும் அவர்கள் மேல் சுமத்தக் கூடாது என்கிறது அது. கடன் எனக்கு மட்டும் இல்லை, என்னை விட வேண்டியவருக்கும் உண்டு. ஆள் இல்லை, கப்பலுக்குச் சரக்கு போக வேண்டும் என்றிருந்தால் நானே கேட்டிருக்க மாட்டேன். ஆள் இருந்தான். அந்த ஆள் ஒரு முஸ்லிம், அவனுக்கு விளங்கியது.

இதைச் சொன்னால் 'பங்குக்காரர்களை ஊரில் காட்டிக்கொடுக்கிறாய்' என்பார்கள். பெயரா சொன்னேன்?

எங்கள் பினாங்கில் இந்தத் திருநாளை விட்டுக்கொடுப்பதே ஒரு கூத்து. 1786-இல் கோலக் கெடாவிலிருந்து படகேறி வந்த யூரேசியக் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சாவளி) கத்தோலிக்கர்கள் இந்தத் தீவில் இறங்கியது விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தைய நாள். அதனால்தான் ஃபார்க்குவார் தெரு கோயிலுக்கு விண்ணேற்பு ஆலயம் என்று பெயர். ஆனால் கூட்டம் எங்கே போகிறது பாருங்கள். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாளுக்கு ஜூலையில் ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. புனித வெள்ளிக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்து வெயிலில் நிற்பார்கள். இரண்டுமே கடன் திருநாள் பட்டியலில் இல்லை! தப்பு என்று சொல்லவில்லை, நானும் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு போகிறவன்தான். அதற்கெல்லாம் கொடுக்கிற சூப்பர்வைசர்கள் ஆகஸ்டில் மட்டும் சட்டப் புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அடித்துப் பிடித்துத் திருநாள் பூசைக்குப் போனால் அது பெரும்பாலும் மும்மொழிப் பூசை. முதல் வாசகம் ஒரு மொழி, பதிலுரைப் பாடல் ஒரு மொழி, மறையுரை ஆங்கிலத்தில். தமிழுக்கு நன்மை (நற்கருணை) வாங்கப் போகும்போது ஒரு பாட்டு, அதுவும் ஒரு சரணம் முடிவதற்குள் வரிசை முடிந்துவிடும். தோட்டத்திலிருந்து வந்த கிழவிகள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒற்றுமை என்கிறார்கள், சரி. பாடகர் குழுவில் ஒரு மாதமாகப் பயிற்சி எடுத்த பிள்ளைகளிடம் போய் அந்த ஒற்றுமையை விளக்குங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 2026-இல் ஆகஸ்ட் 15 சனிக்கிழமை. சனி மாலைப் பூசைக்குப் போய்த் திருநாள் கடனையும் ஞாயிற்றுக் கடனையும் ஒன்றாகக் கழிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். முடியாது, இரண்டுக்கும் தனித்தனிப் பூசை. உங்கள் ஷிஃப்டுக்கு வெள்ளி மாலை தோதுப்பட்டால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மறுநாள் எந்த மொழியில், எத்தனை மணிக்கு என்று பங்கு அலுவலகத்துக்கு இப்போதே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் எடுக்க மாட்டார்கள்.