கயாக்கா, ரப்பர் படகா: ஈட்டி மீன்பிடிக்கு எதில் பணம் போடுவது?

கேள்வி: சிட்னியின் வென்ட்வொர்த்வில் பகுதியில், வங்கிக் கடனில் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் மனைவி, குழந்தையுடன் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக நண்பர் ஒருவருடன் கரையிலிருந்தே நீந்திப் போய், மூச்சடக்கி மூழ்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடித்து வருகிறேன். இன்னும் சற்றுத் தள்ளியுள்ள பாறைப் பகுதிகளுக்குப் போக ஆசை. துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகான கயாக் ஒன்றை 1,800 டாலருக்கும், 3.3 மீட்டர் நீளமுள்ள காற்றடைக்கும் ரப்பர் படகை 9.8 குதிரைத்திறன் எஞ்சினுடன் 5,500 டாலருக்கும் பார்த்து வைத்திருக்கிறேன். படகுக்கு 24 மாத வட்டியில்லாத் தவணை தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். ஆண்டுக்குப் பதினைந்து முறையாவது கடலுக்குப் போவேன். மீன் வாங்கும் செலவும் மிச்சமாகும். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் நிலையில் முதலில் வாங்க வேண்டியது கயாக்தான் என்பது என் தெளிவான கருத்து. விலை குறைவு என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல. படகின் விலை வாங்கும் நாளோடு முடிந்துவிடுவதில்லை. அதை வைத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அது உங்களிடம் பணம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கயாக்குடன் காரின் கூரையில் ஏற்றும் கம்பிகள், லைஃப் ஜாக்கெட், சிறு நங்கூரம், கொடி எல்லாம் சேர்த்து 2,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கவனமாகப் பயன்படுத்திய பாலிஎத்திலீன் கயாக்கை ஐந்து ஆண்டு கழித்துப் பாதி விலைக்கு, அதாவது 900 டாலருக்கு விற்க முடியும் என்று கொண்டால், ஆண்டுக்கு 320 டாலர் தேய்கிறது. ரப்பர் படகுக்குப் பாதுகாப்புச் சாமான்களுடன் 6,200 டாலர் ஆகும். ஐந்தாம் ஆண்டு முடிவில் அதற்கு 2,000 டாலர் கிடைத்தால் அதுவே நல்ல விலை. அந்தப் பணமும் பெரும்பாலும் எஞ்சினுக்குத்தான் கிடைக்கும். ஆக ஆண்டுக்கு 840 டாலர் தேய்மானம். பதிவுக் கட்டணம், எஞ்சின் சர்வீஸ், பெட்ரோல், காப்பீடு என்று இன்னொரு 650 டாலரை நான் ஒதுக்கி வைப்பேன். இவற்றோடு, அந்தப் பணம் உங்கள் வீட்டுக் கடனின் ஆஃப்செட் கணக்கில் (கடனோடு இணைந்த சேமிப்புக் கணக்கு; அதில் உள்ள தொகையைக் கழித்துக்கொண்டுதான் கடனுக்கு வட்டி போடுவார்கள்) கிடந்திருந்தால் மிச்சமாகியிருக்கும் வட்டியையும் சேர்க்க வேண்டும். கடன் வட்டி 6 சதவீதம் என்றால், கயாக்குக்கு 150 டாலர், படகுக்கு 372 டாலர். பதினைந்து பயணங்களுக்குப் பிரித்தால், ஒரு முறை கடலுக்குப் போக கயாக்கில் ஏறக்குறைய 31 டாலரும், படகில் 124 டாலரும் செலவாகின்றன. நண்பருடன் செலவைச் சரிபாதியாகப் பகிர்ந்தாலும், படகில் உங்கள் பங்கு கயாக்கைப் போல இரு மடங்கு வருகிறது.

மீன் செலவு மிச்சமாகும் என்பதைத் தயவுசெய்து இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்பது சட்டப்படி குற்றம். ஆகவே அதிலிருந்து வருமானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டுச் சமையலுக்கு என்றாலும் வரம்புகள் உண்டு. கிங்ஃபிஷ் 65 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்துதான். மாநில மீனான நீல குரோப்பரை ஈட்டியால் தொடவே கூடாது. சிட்னியின் மேன்லி அருகேயுள்ள கேபேஜ் ட்ரீ விரிகுடா போன்ற காப்பிடங்களில் எதையுமே பிடிக்க முடியாது. கடல் கலங்கி, வெறுங்கையுடன் திரும்பும் நாள்களும் வரும். மீன் கிடைத்தால் அது மகிழ்ச்சி. அதை நம்பித் தவணை கட்ட முடியாது.

எஞ்சினைப் பற்றி ஒரு விவரம் உங்களுக்கு உதவலாம். இந்த மாநிலத்தில் எஞ்சின் திறன் 4 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இருந்தால் படகைப் பதிவு செய்ய வேண்டும். 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டினால் ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும். நீங்கள் பார்த்த 9.8 குதிரைத்திறன் எஞ்சின் ஏழு கிலோவாட்டைத் தாண்டுகிறது. 5 குதிரைத்திறன் எஞ்சின் சுமார் 3.7 கிலோவாட்தான் என்பதால் பதிவு தேவைப்படாது, மெதுவாகப் போனால் உரிமமும் தேவைப்படாது. என்றாவது ரப்பர் படகுதான் என்று முடிவு செய்தால், இந்தச் சிறிய எஞ்சினிலிருந்து தொடங்குங்கள். ஆனால் எதிர்க்காற்றில் இரண்டு பேரையும் சாமான்களையும் சுமந்துகொண்டு அது நிதானமாகத்தான் கரை திரும்பும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். கயாக்குக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை. மீன்பிடிக் கட்டணமான ஆண்டுக்கு 35 டாலர் இரண்டுக்கும் பொது. அதைக் கரையிலிருந்து பிடிக்கும்போதே கட்டியிருப்பீர்கள்.

ஈட்டி மீன்பிடிக்கு என்று பார்க்கும்போது ரப்பர் படகின் ஆயுள்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. விலை குறைந்த படகுகள் பெரும்பாலும் பிவிசி துணியால் ஆனவை. வெயிலில் அந்தத் துணி நாளடைவில் பிசுபிசுப்பாகும், ஒட்டிய இணைப்புகள் விட்டுப்போகும். ஹைப்பலான் துணி நீண்ட காலம் தாங்கும். அதற்கேற்ப விலையும் ஏறும். இவற்றோடு, கூர்முனை கொண்ட ஈட்டியையும் முள்துடுப்பு விரித்துத் துள்ளும் மீனையும் காற்றடைத்த குழாய்களுக்கு மேலாக உள்ளே இழுத்துப் போட வேண்டிய தொழில் இது. முனைக்கு உறை, மீனுக்குத் தடித்த பை என்று பழகியவர்கள் பல ஆண்டுகள் ஓட்டுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தக் கவனம் வேண்டும். பாலிஎத்திலீன் கயாக்கில் ஈட்டி முனை பட்டால் பெரும்பாலும் ஒரு கீறல் விழும். விரிசலே விட்டாலும் உருக்கி ஒட்டலாம்.

ரப்பர் படகின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நீரிலிருந்து அதன் பக்கவாட்டில் ஏறுவது எளிது, களைத்த உடலுக்கு அது பெரிய உதவி. காற்றை இறக்கி மடித்தால் அடுக்குமாடிக் காரேஜின் ஒரு மூலையில் அடங்கிவிடும். நான்கு மீட்டர் கயாக்குக்குச் சுவரோரம் முழுதாக வேண்டும். பெட்ரோல் கேன் வைக்கக் கட்டட நிர்வாகம் அனுமதிக்குமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலிருந்து கண்காணிப்பது. மூச்சடக்கி மூழ்குபவர் மேலே வரும்போது ஆக்சிஜன் குறைந்து நினைவிழப்பது உண்டு. பக்கத்தில் ஆள் இருந்தால்தான் பிழைக்க முடியும். இரண்டு கயாக்குகளில் போனாலும் இந்த முறையை விடக்கூடாது. ஒன்றை நங்கூரமிட்டு மற்றதை அதில் கட்டிவிட்டு, ஒருவர் மூழ்க ஒருவர் நீர்மட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். நண்பரும் ஒரு கயாக் வாங்கச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் என் பரிந்துரை மாறும்: தனியாகக் கயாக்கில் போய் மூழ்குவதைவிட, இருவரும் சேர்ந்து பணம் போட்டு, 5 குதிரைத்திறன் எஞ்சினுடன் ஒரு ரப்பர் படகு வாங்குவதே சரி. திறந்த கடலில் செல்லும்போது இரண்டிலுமே லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும். ஆள் நீருக்குள் இருக்கும்போது அதை மற்ற படகுகளுக்கு உணர்த்தும் நீல-வெள்ளை ‘ஏ’ கொடி தெரிய வேண்டும்.

பழைய கயாக்காக வாங்கினால் 1,800 டாலருக்கும் குறைவாகவே ஆகும். கயாக்கைக் கவிழ்த்து, பின்முனையின் அடிப்பாகத்தைப் பாருங்கள். கான்கிரீட்டில் இழுத்தவர்களின் கயாக்கில் அந்த இடம் தேய்ந்து மெலிந்திருக்கும். நீர் வடியும் துளைகளின் விளிம்பில் விரல் விட்டுத் தடவினால் மயிரிழை விரிசலும் தட்டுப்படும். ரப்பர் படகென்றால், முழுக் காற்றடித்து ஓர் இரவு விடச் சொல்லுங்கள். காலையில், எஞ்சின் மாட்டும் பலகை குழாயோடு சேரும் ஓரங்களில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

தவணையைத் தவிர்த்துவிடுங்கள். இத்தகைய திட்டங்களில் பொதுவாகத் தொடக்கக் கட்டணமும் மாதக் கணக்குக் கட்டணமும் உண்டு. 24 மாதத்துக்குள் முடிக்காத பாக்கிக்கு மிக உயர்ந்த வட்டி விழும். வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்ற நினைத்தால், இந்தக் கடன் வரம்பையும் உங்கள் சுமையாகவே வங்கி எடுத்துக்கொள்ளும். மாதம் 250 டாலரை ஆஃப்செட் கணக்கிலேயே தனியாகக் குறித்துவைத்து வந்தால், பத்து மாதத்தில் 2,500 டாலர் சேர்ந்துவிடும். இதற்கிடையில் புதிதாக ஆயுள் காப்பீடோ வருமானக் காப்பீடோ எடுப்பதாக இருந்தால், பொழுதுபோக்குகள் பற்றிய கேள்விக்கு மூச்சடக்கி மூழ்குவதை மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. மறைத்த விவரம் பின்னாளில் உங்கள் மனைவியின் கோரிக்கையை நிராகரிக்கக் காரணமாகிவிடக் கூடாது.