டபுள் கிளிக் அடிக்கும் மவுஸும் ‘வாபஸ் கிடையாது’ சீலும்

கேள்வி: குடியாத்தத்தில் வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் 1,299 ரூபாய்க்கு வயர்லெஸ் மவுஸ் வாங்கினேன். ஓராண்டு வாரண்டி. மூன்றாவது வாரமே கர்சர் தாவுகிறது, ஒருமுறை அமுக்கினால் இரண்டாக அடிக்கிறது. போதாததற்கு மணிக்கட்டு வலி வேறு. கடைக்காரர், “பில்லுல சீல் இருக்கே, விற்ற பொருள் வாபஸ் கிடையாது. சென்னை சர்வீஸ் சென்டருக்கு நீங்களே எடுத்துட்டுப் போங்க. தொழிலுக்கு வாங்கின பொருளுக்கு நுகர்வோர் கோர்ட்டும் செல்லாது” என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம் அம்மா. ஆனால் மூன்று புகாரையும் ஒரே மனுவில் கொட்டினால், உறுதியான புகாரும் பலவீனமாகிவிடும்.

மணிக்கட்டு வலியை விட்டுவிடுங்கள். கைக்குப் பொருந்தாத மவுஸ் சட்டப்படி குறைபாடுள்ள பொருள் ஆகாது. பெட்டியில் ‘இரு கைக்கும் ஏற்றது’ என்று அச்சிட்டுவிட்டு, உள்ளே வலது கைக்கு மட்டும் வளைத்த மவுஸை வைத்திருந்தால்தான் வழக்கு.

கர்சர் தாவுவதற்கு மவுஸ் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். நம் ஊர் வீடுகளில் மேசைக்கு மேல் கண்ணாடி போட்டு, அடியில் சாமி படமும் பஸ் டைம் டேபிளும் வைத்திருப்போம். அந்தக் கண்ணாடியில் பெரும்பாலான மவுஸ்களின் சென்சார் தடுமாறும். ஒரு அட்டையோ மவுஸ் பேடோ போட்டுப் பாருங்கள். அடுத்து பேட்டரியை மாற்றுங்கள். அப்புறம் ரிசீவர் (மவுஸோடு வந்த, கம்ப்யூட்டரில் செருகும் குட்டிக் கருவி) எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் (பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும்) அதில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ரிசீவரை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். தாவல் நின்றுவிட்டால் அந்தப் புகாரும் அதோடு முடிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

டபுள் கிளிக்தான் உங்கள் வழக்கு. பட்டனுக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்சின் தொடுமுனை கெட்டுப்போனால் ஒரு அமுக்கல் இரண்டாகப் பதிவாகும். ஒரே கிளிக்கில் ஃபோல்டர் திறக்கும்படி விண்டோஸில் ஓர் அமைப்பு உண்டு. அது ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், அதே மவுஸை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வீடியோ எடுங்கள். ஒரு முறை அமுக்குகிறீர்கள், ஃபோல்டர் திறந்துகொள்கிறது. ஒரு ஃபைலை இழுத்துக்கொண்டு போகிறீர்கள், பாதி வழியில் கைவிட்டுவிடுகிறது. இது போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் போனில் இருக்கும் மூல வீடியோவை அழித்துவிடாதீர்கள்.

இனி கடைக்காரர் சொன்னவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(47)-இன்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ‘வாபஸ் கிடையாது’ என்ற சீல் ஒரு காலக்கெடு ஆகாது என்பது நம் வாதம். நீங்கள் மூன்றாவது வாரத்தில் இருப்பதால் இன்றே எழுதுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. சென்னைக்குப் போகச் சொல்வதும் சரியல்ல. வாரண்டி கம்பெனி தருவது. ஆனால் உங்களிடம் காசு வாங்கிப் பில் போட்டது கடைதான்.

தொழிலுக்கு வாங்கியது என்ற வாதம் கொஞ்சம் சாமர்த்தியமானது. வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று பிரிவு 2(7)-இன் விளக்கமே சொல்கிறது. ஆள் வைத்துப் பத்து மேசை போட்டு நடத்தினால் வேறு விஷயம். நீங்கள் தனியாக, உங்கள் கையால் செய்கிறீர்கள். மனுவில் அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

முதலில் கடைக்கு ஒரு கடிதம்: பில் தேதி, மாடல், குறை, “15 நாளுக்குள் மாற்றித் தரவும் அல்லது பணம் தரவும்”. பில் நகலோடு விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். இந்தத் தொகைக்குப் பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

முடியாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது குடியாத்தம் வேலூரிலேயே தங்கிவிட்டது, கடையும் வேலூரில். அதனால் எங்கே போடுவது என்ற குழப்பம் இல்லை. ஆன்லைனில் வாங்கி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு போடலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கடையோடு, பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். ஆய்வகச் சோதனை தேவைப்படாவிட்டால் மூன்று மாதம், தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது; வாய்தா அதற்கு மேலும் இழுக்கும். அலைச்சலுக்கும் சேர்த்து நஷ்டஈடு கேளுங்கள், ஆனால் 1,299 ரூபாய் மவுஸுக்கு லட்சம் கேட்டு மனுவைக் கேலிக்கூத்தாக்க வேண்டாம்.

வலிக்கு வழி அடுத்த மவுஸில்தான். கடையிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல்லி உள்ளங்கையை முழுதாக வைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கி நகம் பட்டனில் குத்தினால் அது உங்களுக்குச் சிறியது. நாள் முழுக்கக் கணக்குப் போடுபவர்களுக்குப் பையில் போட்டுக்கொள்ளும் குட்டி மவுஸ் ஒத்துவராது. ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு, சரி என்றால் அதைப் பில்லிலேயே கையால் எழுதி வாங்குங்கள். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும்.