பவர் விண்டோ மோட்டார் சத்தம் வருகிறது, கண்ணாடி மட்டும் ஏறவில்லை. பழைய காரில் இதை எப்படிச் சரிசெய்வது?

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது என்றால் ஃபியூஸ், சுவிட்ச், வயரிங் எல்லாம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கின்றன. பழுது பெரும்பாலும் ரெகுலேட்டரில்தான். கண்ணாடியை ஏற்றி இறக்கும் அந்த அமைப்பில் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கதவின் உள்பலகையை எடுக்கும்போது மறைந்திருக்கும் திருகுகளைத் தேடிக் கழற்றிய பிறகே இழுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரியுங்கள். அதைத் திரும்ப ஒட்டாவிட்டால் மழைநீர் காருக்குள் வரும்.

அடுத்தது மிக முக்கியம். கண்ணாடியை மேலே தள்ளி, கதவுச் சட்டத்தின் மேல்வழியாக வலுவான டேப்பால் இருபுறமும் ஒட்டி நிறுத்துங்கள். அறுந்த கேபிளின் இழைகள் ஊசி மாதிரி குத்தும், கையுறை அவசியம். கேபிளுக்குப் பதில் கத்தரிக்கோல் போன்ற இரும்புக் கைகள் இருந்தால், அதில் விறைப்பான ஸ்பிரிங் இருக்கலாம். அந்த இரும்புக் கைகளை கிளாம்ப் போட்டு இறுக்காமல் மோட்டாரைக் கழற்றவே கூடாது, விரல் போய்விடும்.

அறுந்த கேபிளை முடிச்சுப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். ரெகுலேட்டரை முழுதாக மாற்றுவதே நல்லது. மோட்டார் நன்றாக இருந்தால் அதையே பொருத்தலாம்.

அப்புறம், கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளங்களைத் துடைத்து சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். அவை காய்ந்து இறுகினால் புது ரெகுலேட்டரும் சீக்கிரம் போய்விடும். பலகையை மூடும் முன் பேட்டரியை மீண்டும் இணைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.